எட்டாவது திருப்பத்தில் ஓர் அடி

மே 6, செவ்வாய்

இன்று எக்ஸ்ரேவுக்கு நாற்பத்தொரு பேர். நெஞ்சு பதினெட்டு, முட்டி ஒன்பது, மீதி கை, இடுப்பு, கழுத்து. எல்லோரிடமும் ஒரே பாட்டு. "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வந்து நான் மட்டும் ஆடிக்கொண்டிருப்பேன், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு. எலும்பு டாக்டர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "உங்களத்தான் முதல்ல படம் எடுக்கணும், ஆனா நிக்க மாட்டீங்களே" என்றார். நிற்கத்தான் மாட்டேன். எட்டு மணி நேரம் ஊரையே அசையாமல் நிறுத்திவிட்டு, சாயங்காலம் கராத்தே ஹாலுக்குப் போனால்தான் என் கை கால் என்னுடையதாகிறது.

வகுப்புக்கு வழக்கம்போலப் பத்து நிமிஷம் தாமதம். டியூட்டி மாற்ற ஆள் வந்தால்தானே நான் கிளம்ப முடியும்? பிந்தி வருகிறவர்களுக்குக் கடைசி வரிசை என்பது வகுப்பின் சட்டம். பன்னிரண்டு வருஷமாகத் தூணுக்குப் பக்கத்து இடம் எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

முடியும்போது மாஸ்டர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். அவர் கணவருக்கு வேலை மாற்றலாம். ஜூன் கடைசியில் கிளம்புகிறாராம். இரண்டாம் டான், அதாவது கருப்பு பெல்ட்டில் இரண்டாம் படி, வாங்கியவர் ஒருவர் இருந்தால்தான் கராத்தே சங்கம் வகுப்பைத் தொடர விடும். இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான். கீழே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் இந்த ஹாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் முதல் டானைத் தாண்டிப் போய்ப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டேன். மூன்றாவது தடவையும் தவறினால் மூன்று வருஷத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

தேர்வு ஜூன் ஒன்றாம் தேதி. இருபத்தாறு நாள்.

மே 7, புதன்

பழைய மதிப்பெண் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் சீட்டில் குறிப்பு: "எட்டாவது திருப்பத்தில் தடுமாற்றம்." இரண்டாவது சீட்டில்: "எட்டாவது திருப்பத்தில் மீண்டும் தடுமாற்றம்."

மீண்டுமாம். நான் எங்கே தடுமாறினேன்? அந்த இடத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் தடுமாற மாட்டேன். இரண்டு வருஷமாக அந்த ஓர் அடிக்காகவே தொடையைப் பலப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கண்ணில் கோளாறா, இல்லை என்னைப் பார்த்தாலே ஆகவில்லையா?

மே 8, வியாழன்

இந்தத் தடவை புதிதாக ஒரு விதி. தேர்வுக்கு வருகிறவர் தனக்குப் பிடித்த கட்டா (எதிராளி இருப்பதாக நினைத்துக்கொண்டு தனியாகச் செய்யும் அடிவரிசை) எது, ஏன் பிடிக்கிறது என்று ஒரு பக்கம் கைப்பட எழுதி முன்னாலேயே கொடுக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் பார்ப்பார்களாம்.

எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டாக்களின் உண்மைப் பெயர்களைச் சொன்னால் எங்கள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் வகுப்பில் அடிக்கணக்கில்தான் கூப்பிடுவோம். என்னுடையது நாற்பத்திரண்டு. எல்லோரையும்போல முதலில் இருபத்தொன்று கற்றேன், பிறகு இருபத்தேழு. அதெல்லாம் கடமைக்கு. நாற்பத்திரண்டு வந்த பிறகுதான் இந்த ஹாலுக்கு ஓடிவர ஆரம்பித்தேன்.

ஆனால் ஏன் என்று எழுதப் போனால் பேனா நகரவில்லை. 'மன ஒருமைப்பாடு' என்று எழுதி அடித்தேன். 'உடல் வலிமை' என்று எழுதி அதையும் அடித்தேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது.

மே 10, சனி

வகுப்பு முடிந்து டீக்கடை பெஞ்சில் எல்லோரையும் பிடித்துக் கேட்டேன். உனக்கு எது, ஏன்?

மருந்துக்கடைக்காரருக்கு, முன்னே பின்னே போகாமல் ஒரே கோட்டில் இடமும் வலமுமாகப் போய்வரும் கட்டா. "கவுன்டருக்குப் பின்னாடியே நின்னு பண்ணலாம் பாருங்க. நேத்து ஒருத்தர் இருமல் மருந்து கேட்டு வந்தாரு. நான் பாதி கட்டாவுல இருந்தேன். பயந்துட்டாரு" என்றார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் இருக்கிறாளே, எங்களுக்கு அவள் பெயரே 'பஸ்' தான். அவளுக்கு மூச்சை இழுத்து இழுத்து விட்டு மெதுவாகச் செய்யும் சின்னக் கட்டா பிடிக்குமாம். "நாப்பது புள்ளைங்க காதுக்குள்ள கத்துதுங்கக்கா. நாள் முழுக்க எனக்கு என் மூச்சே கேக்காது. இதுல மட்டும்தான் கேக்குது."

அழகு நிலையம் வைத்திருப்பவளுக்கு விரிந்த கையால் வெட்டும் கட்டா. காரணம் கேட்டால் சிரிக்கிறாள். நகம் வளர்த்திருக்கிறாள், முஷ்டி மடக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்குப் பிடித்தது முப்பத்தெட்டு அடிக் கட்டாவாம். அதில் நடுவே ஒரே ஒரு குதிப்பு வரும், அதற்காகத்தான். "மீதி முப்பத்தேழும் அதுக்காகக் காத்திருக்கிறதுதாம்மா. கோர்ட்டுல நாள் பூரா காத்திருந்துட்டு வர்றேன். அங்க கடைசியில ஒண்ணும் நடக்காது. இங்க குதிக்கலாம்" என்றார்.

எல்லோருக்கும் காரணம் நாக்கு நுனியில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் செய்த எனக்குத்தான் யோசனை தேவைப்படுகிறது.

மே 12, திங்கள்

இன்று படம் எடுக்கும் அறையில் கூட்டம் இல்லை. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கொடுப்பதற்கு முன் ஒரு பாகத்தை இங்கே பெயர்த்தெழுதி வைக்கிறேன்:

"எனக்கு நாற்பத்திரண்டு பிடிப்பது அதன் எட்டாவது திருப்பத்துக்காக. அதுவரை எதிராளியை இடித்துத் தள்ளிக்கொண்டே போகிறோம். எட்டாவதில் பின்சுவரைப் பார்த்துத் திரும்பியதும், நேரே போகாமல் இடது பக்கமாக ஓர் அடி நழுவி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தோளைச் சாய்த்து, சுற்றிக்கொண்டு போய் மறுபடி பாதையில் சேர்கிறோம். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒருவரோடு சண்டை போடாமல், அவர் மேல் துணிகூடப் படாமல் அந்தப் பக்கம் போய்விடுவது போல இருக்கும். நான் கோபக்காரி. நாள் முழுக்க எதையாவது முட்டிக்கொண்டுதான் இருப்பேன். அந்த ஓர் அடியில் மட்டும் நான் யாரையும் முட்டவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, என்னை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும்."

வீட்டில் படித்துக் காட்டியதும் இவர் தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். இவருக்குத் தையல் மெஷின் பழுது பார்க்கும் தொழில். ஓட்டிப் பார்க்கிறேன் என்று எப்போதும் எதையாவது தைத்துக்கொண்டிருப்பார். "நல்லாயிருக்கு. நீ முட்டுற லிஸ்ட்ல என்னையும் சேர்த்திருக்கலாம்" என்றார்.

மே 13, செவ்வாய்

சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். உறையில் போட்டு ஒட்டி முத்திரை குத்திக்கொண்டார்கள். முதல் தடவையாக இந்தத் தேர்வில் எனக்கு நம்பிக்கை வருகிறது.

மே 18, ஞாயிறு

எப்படி எழுதுவது?

தேர்வுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும், இதுவும் இந்தத் தடவைதான் புதிதாக, சங்கத்தின் பெரிய ஹாலில் ஒருநாள் கூட்டுப் பயிற்சி. பல வகுப்புகளிலிருந்து முப்பது பேர். நடுவில் தூண் இல்லாத, பரந்த ஹால். நாற்பத்திரண்டு ஆரம்பித்தது. முப்பது பேரும் ஒரே உடம்பாகப் போனோம். எனக்குச் சிலிர்த்தது. எட்டாவது திருப்பம். திரும்பினேன். நழுவினேன்.

நழுவிய வேகத்தில் இடது பக்கத்துப் பெண்ணின் மேல் மோதினேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு உதடு கிழிந்துவிட்டது.

"என்னங்க, ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?" என்றாள், கோபம்கூட இல்லாமல்.

"நீங்க ஏன் வரல?" என்று கேட்டேன். கேட்டேனே! முப்பது பேர் முன்னால்!

மறுபடி செய்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். எட்டாவதில் திரும்பினார்கள், நேரே போனார்கள். நழுவல் இல்லை, சாய்தல் இல்லை. ஒருத்தர்கூட இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.

அந்த அடி கட்டாவிலேயே கிடையாது.

மே 19, திங்கள்

சங்க அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அந்த உறையைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். "கொடுத்தது கொடுத்ததுதாங்க. நேத்தே மூணு பேருக்கும் அனுப்பிட்டோம்" என்றாள் இளம் குரலில் ஒருத்தி.

ஆக மூன்று நடுவர்கள் கையில் என் கையெழுத்தோடு ஒரு பக்கம் இருக்கிறது. இல்லாத ஓர் அடியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். எழுதியபடி செய்தால் கட்டா தப்பு. கட்டாவைச் சரியாகச் செய்தால் எழுதியது பொய். இரண்டு பக்கமும் இடி.

இன்று ஒரு கை எக்ஸ்ரேயை இடம் வலம் மாற்றிக் குறித்துவிட்டேன். நல்லவேளை, டாக்டர் கண்ணில் பட்டது.

மே 20, செவ்வாய்

வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. மாஸ்டர் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்ரே! என்ன அதிசயம்?" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"எட்டாவது திருப்பத்துல நழுவுற அடி கட்டாவுல இல்லையே மாஸ்டர். யார் கத்துக்கொடுத்தது?"

துடைப்பக்கட்டை நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியும்! எப்போதோ தெரியும்!

"யாரும் கத்துக்கொடுக்கல. நீயே போட்டுக்கிட்டது" என்றார்.

நான் சேர்ந்த முதல் மாசமாம். பிந்தி வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றேனாம். எட்டாவதில் திரும்பி நேரே போனால் எனக்கு எதிரே தூண். முதல்நாள் தோளை இடித்துக்கொண்டேனாம். அடுத்த நாள், யாரும் சொல்லாமல், அதைச் சுற்றி நழுவிப் போனேனாம்.

"அவ்வளவு அழகா இருந்துச்சு. உன் முகத்துல ஒரு சிரிப்பு. வேற இடத்துக்கு மாறினா சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். நீ மாறவே இல்ல."

"மத்தவங்க?"

அதையும் சொன்னார். எட்டாவதில் எல்லோரும் பின்சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். அப்போது மாஸ்டர் எல்லோருக்கும் முதுகுப் பக்கம். கடைசி வரிசைதான் முன்வரிசை ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் யாரைப் பார்த்துச் செய்வார்கள்? இருப்பதிலேயே பழைய ஆள் நான். என் முதுகைப் பார்த்துத்தான். ஒவ்வொருத்தராக நழுவ ஆரம்பித்தார்கள், எதிரே தூணே இல்லாதவர்களும்கூட.

"ஒருத்திக்குச் சொல்லாதத பத்துப் பேருக்கு எப்படிச் சொல்றது? வெக்கமா போச்சு."

"நான் ரெண்டு தடவ பெயில் ஆனேனே. அப்பவுமா மாஸ்டர்?"

துடைப்பக்கட்டையைச் சுவரில் சாய்த்தார். பிறகு, "இத்தன வருஷம் ஏன் சொல்லலன்னு கேப்பியேன்னு பயந்தேன்" என்றார். "மூணாவது தடவைக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லிடணும்னுதான் தினம் நெனச்சேன்."

தினம் நினைத்தாராம். என்னத்த நெனச்சாங்க? நான் ரெண்டு வருஷமா தப்பையே தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிட்டிருந்தேன், இவங்க முன்னாடி நின்னு பாத்துட்டிருந்தாங்க. பையை எடுத்துக்கொண்டு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே இறங்கி வந்துவிட்டேன்.

மே 21, புதன்

'அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, என்னை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.' ஐயோ, அந்த வரியை நடுவர்கள் படித்திருப்பார்களே. மானம் போகிறது.

மே 22, வியாழன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் தானாகப் போயிற்று.

மாஸ்டரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. வகுப்பிடம் நானே சொன்னேன், எல்லாவற்றையும். தப்பு என்னிடம் ஆரம்பித்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ், "அப்ப இத்தன நாளா உங்க முதுகத்தான் நாங்க கராத்தேன்னு நெனச்சோமாக்கா?" என்றாள். சிரிப்பில் எனக்கும் பாதி பாரம் இறங்கியது.

குமாஸ்தா சிரிக்கவில்லை. போன வருஷம் கருப்பு பெல்ட் தேர்வில் அவரும் தவறியவர். இப்போதெல்லாம் அதற்கு நாற்பத்திரண்டு கட்டாயம். நான் எழுதிய காலத்தில் வேறு கட்டா என்பதால் தப்பித்தேன். அவர் சீட்டிலும் அதே வார்த்தை: தடுமாற்றம். முட்டி தேய்ந்துவிட்டது என்று நம்பி, என்னிடமே வந்து படம் எடுத்துக்கொண்டார். முட்டியில் ஒன்றும் இல்லை என்று நானே சொல்லி அனுப்பினேன். அப்படியும் ஆறு மாசம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், மனுஷன்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மே 24, சனி

அந்த அடியை எடுப்பது பல்லைப் பிடுங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. மூளை நேரே போகச் சொல்கிறது, இடுப்பு பக்கவாட்டில் போய்விடுகிறது. வீட்டுக் கூடத்தில் இவர் சாக்கட்டியால் நேர்க்கோடு போட்டார். கோட்டின் மேலேயே நடந்து பார்த்தேன். எட்டாவதில் கோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இவர் இடது பக்கமாக நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். "இந்தப் பக்கம் வந்தா என் மேலதான் விழணும்" என்றார். நாலு தடவை விழுந்தேன். ஐந்தாவது தடவை, "டீ ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

குமாஸ்தா இன்று வகுப்புக்கு வரவில்லை.

மே 26, திங்கள்

நேராகப் போக வந்துவிட்டது. பத்துக்கு எட்டு.

சரியாகத்தான் இருக்கிறது. பார்க்கவும் நன்றாக இருக்கிறது என்கிறார் இவர். ஆனால் எனக்கு அந்த இடம் வரும்போது ஒன்றுமே இல்லை. வெறும் ஓர் அடி. அப்ப இவ்வளவு நாள் எனக்குப் பிடிச்சது என்ன? நாற்பத்திரண்டா, இல்ல நானா? இதைத் தேர்வில் கேட்டால் என்ன சொல்வேன்?

மே 27, செவ்வாய்

மதியம் குமாஸ்தா ஆஸ்பத்திரிக்கே வந்தார். டோக்கன் போட்டு, வரிசையில் உட்கார்ந்து, முறைப்படி உள்ளே வந்தார். கையில் பழைய முட்டிப் படம்.

"இதுல ஒண்ணும் இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒண்ணும் இல்லாத முட்டி ஏன் தடுமாறுதுன்னு அப்பவே ரெண்டு பேருக்கும் தோணியிருக்கணும்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை.

"கோபம் இருக்குங்க. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் நான் கிழவனாயிட்டேன்னு நெனச்சுட்டேன். வீட்டுல மாடி ரூம காலி பண்ணிக் கீழ வந்துட்டேன், தெரியுமா? முட்டிக்காக." படத்தைச் சுருட்டினார். "நீங்க தேறணும். இல்லன்னா ஹால மூடிடுவாங்க. அந்த அடியச் சரியா கத்துக்க நான் எங்க போவேன், இந்த வயசுல?"

வாசல்வரை போய்த் திரும்பி, "சாயங்காலம் வர்றேன்" என்றார்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் அழுதேன். வெளியே நெஞ்சுப் படத்துக்கு ஆறு பேர் காத்திருந்தார்கள்.

மே 31, சனி

நாளை. நாற்பதுக்கு நாற்பது நேராகப் போனேன். வகுப்பில் எல்லோரும் நேராகப் போகிறார்கள், குமாஸ்தா உட்பட. மாஸ்டர் கிட்டே வந்து என் பெல்ட் முடிச்சை இழுத்துச் சரி செய்தார். "நாளைக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன்.

ஜூன் 1, ஞாயிறு

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். நான் எழுதிய பக்கம் அவர் கையில்தான் இருந்தது. பச்சை மையில் அடிக்கோடு போட்டிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

கட்டாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். ஏழு திருப்பங்கள் போனது தெரியவில்லை. எட்டாவதில் திரும்பினேன். இடுப்பு நழுவக் கேட்டது. நான் விடவில்லை. நேரே போனேன். நாற்பத்திரண்டையும் முடித்து நின்றேன்.

சோடாபுட்டி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "நீங்க எழுதியிருக்கிற அடி எங்கம்மா?"

"அது கட்டாவுல இல்லீங்க."

"பின்ன ஏன் எழுதினீங்க?"

"இருக்குன்னு நெனச்சு எழுதினேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் தெரியும்."

"யார் கத்துக்கொடுத்தது?"

ஹாலின் கடைசியில், கதவுப் பக்கத்து நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. இரண்டு வாரமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. வரிசையாக, வருஷக் கணக்கோடு. வாய்வரை வந்துவிட்டது.

"யாரும் இல்லீங்க. எங்க ஹால்ல என் எதிர்ல ஒரு தூண் இருக்கு. நானே போட்டுக்கிட்டது" என்றேன்.

இடப்பக்கத்து நடுவர் சிரிப்பை அடக்கினார். சோடாபுட்டி சிரிக்கவில்லை. "எழுதினபடி ஒரு தடவ செய்ங்க" என்றார். மார்க்குக்கு இல்லையாம். பார்க்க வேண்டுமாம்.

செய்தேன். எதிரே எதுவுமே இல்லாத அவ்வளவு பெரிய ஹாலில், எட்டாவதில் திரும்பி, நழுவி, தோளைச் சாய்த்து, சுற்றிக்கொண்டு போனேன். எவ்வளவு நாளாயிற்று! உடம்பு முழுக்கச் சந்தோஷம். தேர்வு, ஹால், மாஸ்டர், ஒன்றுமே ஞாபகம் இல்லை.

முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன ரெண்டு தடவையும் தடுமாற்றம்னு எழுதினது நான்தான். தடுமாற்றம் இல்ல. ஆனா கட்டாவும் இல்ல. போகலாம்" என்றார்.

வெளியே வந்தால் மாஸ்டர் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். வாங்கிக் குடித்தேன். பஸ் ஸ்டாப்வரை சேர்ந்தே நடந்தோம்.

ஜூன் 4, புதன்

முடிவு இன்னும் இல்லை. கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. குதிகால் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து ஸ்கேன் அறையில் புகார் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

தேர்ச்சி.

இவர்தான் தபாலைப் பிரித்தார். நான் சமையலறையில் ஒளிந்துகொண்டிருந்தேன். குறிப்பு என்ற இடத்தில் இந்தத் தடவை ஒரு சின்னக் கோடு மட்டும்.

குமாஸ்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப நான் மறுபடி மாடிக்கே போயிடறேன்" என்றார்.

ஜூன் 28, சனி

மாஸ்டரின் கடைசி வகுப்பு. ஹால் சாவியை என் கையில் வைத்து, "உன்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தார். "போதும் மாஸ்டர், ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன். எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. அவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் கட்டிப் பிடித்தார்.

ஜூலை 1, செவ்வாய்

டியூட்டியை மாற்றிக்கொண்டு சீக்கிரமே போனேன். முதல் தடவையாக எல்லோருக்கும் முன்னால் நின்றேன். முன்னால் நிற்பது அவ்வளவு வசதியாக இல்லை. எல்லோரும் என் காலையே பார்க்கிறார்கள், ஆட்டவும் முடியாது.

பஸ் பிந்தி வந்து கடைசி வரிசைக்குப் போனாள், தூணிலிருந்து நன்றாகத் தள்ளி. நாற்பத்திரண்டு ஆரம்பித்தோம். எட்டாவதில் எல்லோரும் பின்சுவரைப் பார்த்துத் திரும்ப, பன்னிரண்டு முதுகுகள் எனக்கு முன்னால். எல்லா முதுகும் நேராகத்தான் போயின. ஆனால் பஸ், அடுத்த குத்துக்கு முன்னால், இரண்டு கை விரல்களையும் முழுசாக விரித்து ஒரு உதறு உதறினாள். ஒரு நொடிதான். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த விரல்கள். அந்த உதறலோடு தோள் இரண்டும் இறங்கின. இத்தனை வருஷம் நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் பார்த்ததே இல்லை.

நான் மாஸ்டர் மாதிரி இருக்கப்போவதில்லை. அவர் ஒப்புக்கொண்ட அன்றைக்கே முடிவு செய்தது. உடனே நிறுத்தினேன்.

"பஸ், அந்த விரல் உதறுறது கட்டாவுல இல்ல."

"அப்படியாக்கா? நான் உதறுறேனா?" கையையே பார்த்துக்கொண்டாள். "சரிக்கா, விட்டுடறேன்."

விட்டும்விட்டாள். அதற்குப் பிறகு நாலு தடவை செய்தோம். நாலும் சரி. கை மட்டும் மரக்கட்டை மாதிரி இருந்தது. சொன்னது சரிதான். சொல்லாமல் இருந்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியாததா? ஆனாலும் வீடு வந்து சேரும்வரை மனசு ஒரு நிலையில் இல்லை. மாஸ்டருக்குப் போன் செய்யலாமா என்றுகூட நினைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

இன்று வகுப்புக்கு முன் பஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த விரல் உதறல் தேர்வுல கூடாது. அது கட்டாவுல இல்லன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றேன். என்ன புரிந்துகொண்டாளோ, தலையை ஆட்டினாள். இன்று பிந்தவில்லை. முன்வரிசையில் இடம் காலியாக இருந்தது. பார்த்துவிட்டு, கடைசி வரிசைக்கே போய் நின்றாள்.

எட்டாவது திருப்பம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.